புதிதாகப் பூட்டிய கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவது ஏன்?

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டும் கணினியில், ஆன் ஆகவே மறுப்பதைவிடத் தொல்லையான கோளாறு ஒன்று உண்டு. நன்றாக ஆன் ஆகும். சில நொடிகளோ சில நிமிடங்களோ ஓடும். யாரும் எதையும் தொடாத நிலையில் திரை கருத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆன் ஆகாத கணினியில் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். ரீஸ்டார்ட் ஆகும் கணினியோ எல்லாப் பாகமும் நன்றாக இருப்பது போலவும், எல்லாமே கெட்டுவிட்டது போலவும் ஒரே நேரத்தில் தோற்றமளிக்கும்.

இதில் பண விஷயமும் இருக்கிறது. புதிய பாகத்தைக் கடைக்காரர் நேரடியாக மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் சில நாட்கள்தான். அது கடந்துவிட்டால் நிறுவனத்தின் வாரண்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நாட்களை, விண்டோஸை மீண்டும் மீண்டும் அழித்துப் பதிவதிலேயே கழித்துவிடுபவர்களைப் பார்க்கிறோம். வேறு சிலர் ஊகத்தின் பேரில் பிராசசரை மாற்றுகிறார்கள். அதிலும் சரியாகவில்லை என்றதும் மதர்போர்டை மாற்றுகிறார்கள். எந்தக் கட்டத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது என்பதைக் கவனித்தாலே, சந்தேகிக்க வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

முதலில், கோளாறே இல்லாத ஒரு ரீஸ்டார்ட்டைச் சொல்லிவிடுவோம். டிடிஆர்5 ராம் பூட்டிய கணினி முதல் முறை ஆன் ஆகும்போது, ராமுடன் எந்த நேர அளவில் பேசுவது என்பதை மதர்போர்டு சோதித்துச் சோதித்துக் கற்றுக்கொள்கிறது. இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. இடையில் ஓரிரு முறை அணைந்து எரியவும் செய்யும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் இதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். பொறுமையிழந்து ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்தால், அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான் தொடங்கும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம்

எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை, வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என மாற்றித் தருவது மட்டுமின்றி, மதர்போர்டுக்கு ஒரு சைகையும் அனுப்புகிறது. அதற்கு 'பவர் குட்' என்று பெயர். மின்னழுத்தம் சீராக வந்துவிட்டது, நீ தொடங்கலாம் என்பது அதன் பொருள். இந்தச் சைகை வரும்வரை பிராசசர் வேலையைத் தொடங்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்தால் பவர் சப்ளை இந்தச் சைகையை நிறுத்திவிடும். மதர்போர்டு உடனே பிராசசரை நிறுத்தும். சைகை திரும்பியதும் மீண்டும் தொடங்கும். நம் கண்ணுக்கு அது ரீஸ்டார்ட். பழுது மதர்போர்டில் என்று தோன்றினாலும் மதர்போர்டு தன் கடமையைத்தான் செய்திருக்கிறது.

12 வோல்ட் இணைப்பில் 5 சதவீத ஏற்ற இறக்கம் வரை தரநிலை அனுமதிக்கிறது. அதாவது 11.4 முதல் 12.6 வரை. பயாஸ் திரையிலேயே இந்த அளவைப் பார்க்கலாம். ஆனால் அங்கே காட்டும் எண் வேலைப்பளு இல்லாத நேரத்து எண் என்பதை மறக்கக்கூடாது.

நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் அழைப்பிதழ், நோட்டீஸ் வடிவமைக்கும் தொழிலுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கணினி பூட்டினார். எழுதும் வேலையில் பிரச்சினை இல்லை. பெரிய படக் கோப்பைத் திறந்து அதில் வேலை செய்யத் தொடங்கினால் ரீஸ்டார்ட். கடையில் மதர்போர்டு என்றார்கள். அதை மாற்றிய பிறகும் அதே கதைதான். கேபினட்டோடு சேர்ந்து வந்த பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெரிய எழுத்தில் 450 வாட்ஸ் என்றிருந்தது. கீழே சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 216 வாட்ஸ். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 170 வாட்ஸ் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு என்விடியா நிறுவனமே 550 வாட்ஸ் பவர் சப்ளை பரிந்துரைக்கிறது. 216 வாட்ஸை வைத்துக்கொண்டு அதை ஓட்ட முயன்றால் என்ன ஆகும்? பவர் சப்ளையை மாற்றியதும் கணினி சீராகிவிட்டது. எனவே கேபினட்டோடு இலவசமாக வரும் பவர் சப்ளையைக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் பயன்படுத்தாதிருப்பதே நல்லது என்பது நமது கருத்து. '80 பிளஸ்' முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்றுதான்; அதை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்துவிட முடியாது.

நல்ல பவர் சப்ளையும் சில நேரம் அணைவதுண்டு. பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவாகத் தங்கள் சராசரியைப் போல இரு மடங்கு மின்சாரத்தை இழுக்கின்றன. இதைத் தாங்க வேண்டும் என்ற விதியே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரநிலையில்தான் சேர்க்கப்பட்டது. கார்டில் இரண்டு மின் இணைப்பு இருந்தால், ஒரே வயரின் இரட்டை முனைகளைச் செருகாமல் பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு வயர் கொடுங்கள்.

அடுத்து, மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று உள்ள 8 முனை இணைப்பு. 24 முனை இணைப்பை மாட்டிவிட்டு இதை மறந்துவிடுபவர்கள் உண்டு. மாட்டியும் முழுவதும் அழுத்தாதவர்கள் அதைவிட அதிகம். விசிறிகள் சுற்றும், நிற்கும், மீண்டும் சுற்றும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 முனை வயரும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். இரண்டாகப் பிரியும் இடத்தைப் பாருங்கள்: 4, 4 எனப் பிரிந்தால் பிராசசருக்கு, 6, 2 எனப் பிரிந்தால் கார்டுக்கு. மாற்றிச் செருக வராது. வரவில்லையே என்று பலத்தைக் காட்டினால் நஷ்டம் பெரிதாகும்.

வீட்டு மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்திலோ, மாலையில் விளக்குகள் மங்கும் நேரத்திலோ மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் கணினியைத் திறக்கவே தேவையில்லை. மலிவான பவர் சப்ளைகள் சிலவற்றில் 200 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். 100 முதல் 240 வரை ஏற்பவை அந்தத் தாழ்வைச் சமாளித்துவிடும். கணினியை உறவினர் வீட்டிற்கு எடுத்துச்சென்று ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. யூபிஎஸ் இருந்தால் அதை விலக்கி, நேரடியாகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். ஒன்று மட்டும்: பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

கேபினட்டுக்கு வெளியே

மின்சாரம் சரியென்று தெரிந்தும் திரை வருவதற்கு முன்பே ரீஸ்டார்ட் ஆனால், மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்துவிடுங்கள். கேபினட்டில் மதர்போர்டைத் தாங்கச் சிறு பித்தளைத் தண்டுகள் இருக்கும். பெரிய போர்டுக்கெனப் பொருத்திய தண்டு ஒன்று, சிறிய போர்டின் அடியில் துளை இல்லாத இடத்தில் முட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஷார்ட் ஆகும். வெளியே வைத்தால் ஓடுகிறது, உள்ளே பூட்டினால் ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

வெளியே வைத்து ஓட்டும்போது பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை ஆகியவை போதும். பிராசசரிலேயே டிஸ்பிளே வசதி இருந்தால் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றிவிடலாம். கேபினட்டின் பவர் பட்டன், ரீசெட் பட்டன் வயர்களையும் மாட்ட வேண்டாம். பவர் பட்டனுக்குரிய இரு முனைகளைத் திருப்புளியால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆகும். உள்ளே சிக்கிக்கொண்ட ரீசெட் பட்டனால் ரீஸ்டார்ட் ஆகும் கணினிகளும் உண்டு. இப்போது சீராக ஓடினால் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டைச் சேர்த்து மாட்டினால் எது காரணம் என்பது மீண்டும் மறைந்துவிடும்.

கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தோமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சூட்டின் மீது பழி போடுவதில் நிதானம் தேவை. சூடு மிகும்போது பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் முழுவதும் அணைந்துவிடும். பெரும்பாலும் தானே மீண்டும் எழுவதில்லை. ரைசன் 7000 பிராசசர்கள் 95 டிகிரி வரை ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைக் கண்டு பதறத் தேவையில்லை.

ராம்

பயாஸ் திரைக்குள் சென்று அரை மணி நேரம் அங்கேயே விட்டுவிடுங்கள். அங்கேயே ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸுக்கும் டிரைவர்களுக்கும் இதில் சம்பந்தமில்லை. அங்கே அசையாமல் நின்று, விண்டோஸ் வரும்போதோ சற்றுப் பிறகோ விழுந்தால், நாம் முதலில் ராமைப் பார்ப்போம்.

ராமின் பெட்டியில் போட்டிருக்கும் வேகம், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை பயாஸில் இயக்கினால்தான் கிடைக்கும். அந்த வேகம் பிராசசர் நிறுவனம் உறுதியளித்த வேகத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதியளிப்பது இரண்டு ராமுக்கு 5200. நான்கு பூட்டினால் 3600 மட்டுமே. 6000 என்று அச்சிட்ட நான்கு ராம்களை வாங்கி அதே வேகத்தில் ஓட்ட நினைப்பவர் ரீஸ்டார்ட்டைத் தாமே வரவழைக்கிறார். அந்த அமைப்பை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். இரண்டு ராம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது துளைகளில் இருப்பதுதான் பெரும்பாலான போர்டுகளில் சரி. பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும், ராம்களைத் தனித்தனியாகச் சோதித்துப் பிழை காட்டுவதைக் கடையில் கொடுத்துவிடலாம்.

விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு

நீலத்திரை தோன்றினாலும் விண்டோஸ் உடனே ரீஸ்டார்ட் செய்துவிடுவதால் நாம் அதைப் படிக்க முடிவதில்லை. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதிக்குச் சென்று, தானாக ரீஸ்டார்ட் செய்யும் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டால் நீலத்திரை நின்று காட்டும். நீலத்திரையே வராமல் கணினி சட்டென்று விழுந்தால், 'ஈவென்ட் வியூவர்' என்பதைத் திறந்து கெர்னல் பவர் 41 என்ற பதிவைத் தேடுங்கள்.

இந்த 41-ஐப் பார்த்ததுமே பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. சென்ற முறை முறையாக அணைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். உள்ளே 'பக்செக்கோடு' என்ற இடத்தில் உள்ள எண்தான் முக்கியம். அது 0 என்றால் விண்டோஸ் எதையும் எழுதி வைக்க அவகாசமே இல்லாமல் விழுந்திருக்கிறது. மேலே சொன்ன மின்சாரப் பகுதிக்குத் திரும்புங்கள். 292 என்றால் பிராசசர் போன்ற வன்பொருளே பிழையை அறிவித்திருக்கிறது. 278 கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர். 26 நினைவகம் சார்ந்தது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்தால் மீண்டும் ராமைச் சந்தேகியுங்கள்.

மென்பொருளே காரணமாக இருந்த காலமும் உண்டு. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்ற வைரஸ், விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் 60 நொடி எண்ணி ரீஸ்டார்ட் செய்தது. புதிதாக விண்டோஸ் பதிந்து, அப்டேட் எடுக்க இணையத்தில் இணைத்தவுடனேயே பிடித்துக்கொள்ளும். இன்று புதுக் கணினியில் அப்படி நேர்வது அரிது.

பிராசசரே பழுதாக இருப்பதும் அரிதுதான். இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் அவற்றில் சில நாளடைவில் நிலைகுலைகின்றன என்பதை 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. பெட்டியில் வரும் பிராசசர்களுக்கு வாரண்டியையும் இரண்டு ஆண்டு கூட்டியது. இந்தத் தலைமுறையில் வாங்கியவர்கள், ரீஸ்டார்ட் ஆகாவிட்டாலும் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்கும். ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யாது. அப்படிப்பட்டதை வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

கடைக்குப் போகும்போது வெறும் பாகத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பில், மெம்டெஸ்ட் காட்டிய பிழையின் புகைப்படம், 41-ஆம் பதிவின் புகைப்படம், எந்தத் தேதியில் எந்தப் பாகத்தைக் கழற்றிச் சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிய குறிப்பு ஆகியவற்றையும் எடுத்துச்செல்லுங்கள். "எங்கள் கடையில் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று பத்து நிமிடம் ஓட்டிக் காட்டித் திருப்பித் தருபவரிடம் பேச அவை வேண்டும். எத்தனை நேரம், எந்த வேலையில் ஓட்டினால் விழுகிறது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி, அதே வேலையைக் கடையிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.