வீட்டுக்கு வரும் வைத்தியம்: சேத்துப்பட்டிலிருந்து கோழிக்கோடு வரை

இரவு பத்து மணிக்கு மேல் ஊரிலிருந்து போன் வந்தால், நாக்பூரில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 2016-ல் அப்படி ஒரு போன் வந்தது. அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டமே.

நாக்பூரில் உட்கார்ந்துகொண்டு கும்பகோணத்தில் ஆள் தேடினேன். ஒரு ஏஜென்சி ஒரு மாத முன்பணம் வாங்கிக்கொண்டு ஐந்தாம் நாள் ஒரு பெண்ணை அனுப்பியது. அம்மா அவரைக் கிட்டவே விடவில்லை. "முன்னே பின்னே தெரியாதவ கையால நான் குளிக்கணுமாடா?" என்று கேட்டார். அந்தப் பெண் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அம்மா மேலும்தான். இதற்குள் முதுகில் படுக்கைப்புண் வந்துவிட்டது. அந்த வருஷத் தீபாவளிக்கு அம்மா இல்லை.

வராக் கடனுக்கெல்லாம் முன்கூட்டியே ஒதுக்கீடு செய்து பழகியவன் நான். பெற்றவர்கள் படுத்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்த ஒதுக்கீடும் செய்து வைக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் வீட்டில் வைத்து நோயாளியைப் பார்ப்பதன் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். (பி.காம். படித்தவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கணக்கு எங்கே இருந்தாலும் எட்டிப் பார்ப்பேன்.)

முதல் கணக்கு நம் சென்னையிலேயே கிடைத்தது. தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு சானடோரியம் என்பது ஒரு ஸ்டேஷன் பெயர். 1928-ல் அங்கே டாக்டர் சௌரிமுத்து ஆரம்பித்த காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். காசநோய் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு, அதுவும் வீட்டை விட்டு விலகி என்பதுதான் அன்றைய வைத்தியம். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, கட்டில்களோ கொஞ்சம்தான்.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று நான்கு பேர் கூட்டு. பொறுப்பில் இருந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறுபாதிக்கு வீடு. இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷத்துக்கு.

வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு சுமார், இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. ஆனாலும் 1959-ல் வெளியான முடிவின்படி குணமானதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதாகவும் தெரியவில்லை. காசநோய்க்கு வீட்டிலிருந்தே வைத்தியம் என்று பிற்பாடு உலகமே மாறியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்தது இதற்கடுத்த விஷயம். மாத்திரையைக் கையில் கொடுத்து "போய்ட்டு வாங்க" என்று அவர்கள் அனுப்பிவிடவில்லை. வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆட்களை வைத்திருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போவார்கள். வீட்டு வைத்தியம் ஜெயித்தது வெறும் வீட்டால் அல்ல, முதல் நாளிலிருந்தே அந்த வீட்டு வாசலுக்கு ஓர் ஆள் வந்துகொண்டிருந்ததால். நான் அம்மா விஷயத்தில் கோட்டை விட்டது இதைத்தான்.

அடுத்த கணக்கை நேரிலேயே பார்த்தேன். 2010-லிருந்து மூன்று வருஷம் கோழிக்கோட்டில் ஒரு கிளையில் வேலை. அந்த ஊர்க் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பாலியேட்டிவ் உண்டியல் இருக்கும். அதிலிருந்து வரும் சில்லறையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு தன்னார்வலர்கள் எங்கள் கவுண்டருக்கு வருவார்கள். கேஷியர் முணுமுணுப்பார், ஆனால் எண்ணுவார்.

அந்த உண்டியலின் கதை 1993-ல் தொடங்குகிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி நிவாரணச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். முதலில் புறநோயாளிப் பிரிவு மட்டும்தான். வரவேண்டியவர்களில் பலர் பஸ் ஏற முடியாமல் ஊரிலேயே முடங்கிக் கிடந்தார்கள். எனவே இவர்கள் வீடு தேடிப் போனார்கள். போகப்போக, டாக்டரும் நர்ஸும் மட்டும் போய்த் தீராது என்று புரிந்தது. 2000-களின் தொடக்கத்தில் மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்துக்காரர்களையே பயிற்சி கொடுத்துச் சேர்த்தார்கள். ஆசிரியர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். 2008-ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்து, பஞ்சாயத்துகளின் பொறுப்பில் சேர்த்தது.

மூட்டை கொண்டுவருகிறவர்களில் டீக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் உண்டு. சில்லறை எண்ணி முடிகிறவரை பேசிக்கொண்டிருப்பார். "குடும்பத்துக்காரங்க எங்களைக் கூப்பிடறப்போ புண்ணு வந்திருக்கும் சாரே. நாங்க அதுக்கு முன்னாடியே பார்ப்போம். தினம் டீ குடிக்க வர்ற ஆளு நாலு நாள் வரலைன்னா வீட்டுக்குப் போய்டுவோம்" என்றார், தமிழும் மலையாளமும் கலந்து. அன்று அதை நல்ல பேச்சு என்று கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஆறேழு வருஷம் கழித்து, கும்பகோணத்தில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் அது ஞாபகம் வந்தது.

அவர் சொன்னதற்கு எண்களும் உண்டு. 2010-ல் பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது வீட்டுப் பராமரிப்பு அல்ல, மருத்துவமனையில் தரப்பட்ட பாலியேட்டிவ் கவனிப்பு. ஆனால் கேள்வி ஒன்றுதான்: எப்போது ஆரம்பிப்பது? நோய் தெரிந்த உடனேயே அந்தக் கவனிப்பைத் தொடங்கியவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். கடைசிக்கட்ட ஆக்ரோஷ வைத்தியமும் அவர்களுக்குக் குறைவாகவே நடந்தது. மனச்சோர்வும் குறைவு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் பாலியேட்டிவ் கவனிப்பும் வீட்டுக்கே வரும் என்றார்கள். ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வந்தவர்கள், அடுத்த லீவில் போகும்போது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா, அம்மா பெயரைப் பதிந்துவிட்டு வரலாம். படுத்த பிறகு அல்ல, நடமாடும்போதே.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் அடுத்த தெருவில் இருக்கும் ஓர் அம்மாளைக் காலையில் இரண்டு மணி நேரம் வந்து போகச் சொல்லி ஏற்பாடு செய்தேன். அப்பாவுக்குக் கடுங்கோபம். "கடைத்தெருவுக்கு நடந்து போய்ட்டு வர்றவன்டா நான், எனக்கு எதுக்கு ஆயா?" ஆறு மாதம் அவரை வாசல் திண்ணையிலேயே உட்கார வைத்திருந்தார். அப்புறம் மாத்திரை டப்பாவை நிரப்ப அனுமதித்தார். பிறகு பேப்பர் படித்துக் காட்ட. அந்த அம்மாளுக்குக் கொடுத்த சம்பளம் தண்டச் செலவு என்று என் தம்பியே சொன்னான்.

2023-ல் ஒரு காலை, காபி டம்ளர் அப்பாவின் வலது கையிலிருந்து நழுவியதையும் வாய் லேசாகக் கோணியதையும் அவர்தான் பார்த்தார். எங்களுக்குப் போன் போடுவதற்கு முன்பே ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அப்பாவைக் குளிப்பாட்டியதும் அவர்தான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

வலது கை இன்னும் சரியாக வரவில்லை. அவருடைய மாதச் சம்பளத்தை அப்பா இடது கையால் நோட்டில் செலவு எழுதிவைக்கிறார். எழுத்து கோணல்தான். போன தடவை போனபோது கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.