கிழநாயும் சின்ன வெங்காயமும்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆநிரை மீட்புப் பூசலில் மாண்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் இடம்பெற்றுள்ளது. வீரம் காட்டிய நாய்க்குக் கல் கிடைத்தது. மூட்டு இறுகி, கண் மங்கி, திண்ணையோரம் கிடக்கும் நாய்க்கு என்ன கிடைத்தது?

தமிழில் மாட்டு வாகடம் ஏட்டிலும் அச்சிலும் வாழ்ந்தது. ஏர்மாடு படுத்தால் குடும்பமே படுத்துவிடும் அல்லவா? அந்த அறிவு இன்றும் செல்லாக்காசு அன்று. கறவைமாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்த பூச்சைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரே பரிந்துரைக்கின்றனர்.

அந்த நம்பிக்கையோடுதான் நாம் கிழநாயிடமும் வருகிறோம். முதுமைக்கு மருந்தில்லை என்றறிந்தும் கைகட்டி நிற்க மனம் ஒப்புவதில்லை. எதையாவது அரைத்துக் கொடுத்தால் முதலில் ஆறுதலடைவது நாம்தான்.

குரும்பலூரை உள்ளடக்கிய பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. நமக்குக் கைமருந்தான அதே வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; வேகவைத்தாலும் நஞ்சு நீங்காது. நாம் விழுங்கும் வலிமாத்திரைகளும் அதற்கு ஆபத்தே. இயற்கை, செயற்கை என்பதன்று கேள்வி. யாருடைய உடல் என்பதே.

வலிக்கு மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். வழுக்காத சாக்கு விரிப்பு, எட்டும் இடத்தில் தண்ணீர், உடல் பெருக்காத அளவான சோறு, இவை நம் கையில் உள்ளவை. இத்தனை காலம் வாசலில் காவலிருந்தது அது. இனி நம் முறை.