காயத்திலிருந்து காணிப் பதிவுக்கு: போர் நினைவும் இலங்கையின் தற்காலக் கலையும்

இலங்கைப் போரைப் பற்றிய ஓவியம் என்றதும் குருதியும் அலறும் முகங்களும்தான் பலருக்கு நினைவில் எழும். 1990களின் ஆக்கங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். 2000க்குப் பின் வந்த முக்கியமான பல ஆக்கங்களில் காயம்பட்ட உடலைக் காண முடியாது. வீட்டு வரைபடம், அலுவலகக் கோப்பு, வேலி, தையல் என்று பார்வைக்குச் சாதுவான பொருள்களே அவற்றில் இருக்கின்றன. ரசனை மாறியது மட்டும் இதற்குக் காரணமல்ல. சாட்சி சொல்லும் வேறு வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டதும் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் கொழும்பில். 1992இல் ஜகத் வீரசிங்க தமது 'பதற்றம்' கண்காட்சியை வைத்தபோது, தமிழருக்கு எதிரான 1983 ஜூலைப் படுகொலையும் தெற்கில் இடதுசாரி ஜே.வி.பி.யின் கிளர்ச்சி நசுக்கப்பட்ட கொடூரமும் ஆறாத புண்களாக இருந்தன. இயற்கைக் காட்சிகளிலும் அலங்கார நவீனத்திலும் பழகிய கண்களுக்கு அவருடைய சிதைந்த உருவங்கள் அதிர்ச்சி தந்தன. 1997இல் சந்திரகுப்த தேனுவர வேறு பாதை எடுத்தார். சோதனைச் சாவடிகளில் நின்ற, இராணுவப் பச்சை பூசிய தார்ப் பீப்பாய்களையே காட்சிக்கு வைத்து அதற்குப் 'பரலிசம்' என்று பெயரிட்டார். ஜூலைப் படுகொலையின் நினைவாக ஜூலை 23ஐ ஒட்டி ஆண்டுதோறும் அவர் நடத்தும் கண்காட்சிகளுக்கும் அதுவே தொடக்கம். உடல் விலகிப் பொருள் பேசத் தொடங்கியதை இங்கேதான் முதலில் பார்க்கிறோம்.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. அங்கே கலைக்கு முன்னால் கலைஞரின் சேமிப்பே அழிந்தது. நவீன ஓவியத்தை அங்கு வேரூன்றச் செய்த ஆசிரியர் அ. மாற்குவின் படைப்புகளில் பெரும்பகுதி இடப்பெயர்வில் தொலைந்துபோயிற்று. 1995 அக்டோபர் இறுதியில் போருக்கு அஞ்சி, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியே எழுந்து நடந்தபோது எதைத் தூக்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்கச் சில மணி நேரமே இருந்தது. உறுதிப்பத்திரமும் அடையாள அட்டையும் பைக்குள் போயின. படங்கள் சுவரிலேயே நின்றன. 1981இல் எரிந்த பொது நூலகத்தோடு போன 97,000 நூல்களையும் சேர்த்து எண்ணினால், இந்த ஊர்க் கலைஞருக்கு ஆவணம் ஏன் தீராத பசியானது என்பது விளங்கும்.

அந்தப் பசியின் முழு வடிவத்தைத் தா. சனாதனனிடம் காணலாம். யாழ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் இவர், 2004இல் குடாநாட்டு வீடுகளில் திரட்டிய அன்றாடப் பொருள்களைப் புதுப்பித்த நூலகக் கட்டடத்திலேயே காட்சிக்கு வைத்தார். 2011இல் வந்த 'முற்றுப்பெறாத தோம்பு' இன்னும் ஆழமானது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக எண்பது பேரிடம், இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார் அவர். பேனா பழகாத கைகள் இழுத்த கோடுகள் அவை, அளவு பிசகும். அந்தத் தாளோடு கட்டடக் கலைஞரின் துல்லியமான வரைபடமும், சனாதனனின் சித்திரமும், வீட்டுக்காரரின் சில வரி வாக்குமூலமும் சேர்கின்றன. இதில் என்னை நிறுத்துவது சித்திரம் அல்ல, துல்லியமான வரைபடம்தான். ஒரு சாதாரண மனுசியின் ஞாபகத்தை அரசாங்கம் ஏற்கும் மொழியில் எழுதி வைப்பது, அழகைக் காட்டிலும் வழக்குக்கு நெருக்கமான செயல்.

2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு இந்த உத்தி அவசியமாகவே ஆகிவிட்டது. கிளிநொச்சியில் குண்டு துளைத்த கொங்கிரீட் கட்டியும் அதன்மேல் தாமரையுமாக வெற்றிச் சின்னம் எழுந்தது. புலிகளின் கல்லறைகளான மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. போரின் இறுதியில் மாண்டோருக்காக யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு மீண்டும் கட்டப்பட்டது. கல்லில் நினைவுகூர்வது இவ்வளவு ஆபத்தான இடத்தில் காகிதமும் துணியும் தப்பிப் பிழைக்கின்றன. ஓவியர் ஜஸ்மின் நிலானி ஜோசப்பின் பேனாக் கோடுகளில் வேலிகளும் ஆளில்லாத வீடுகளும் மட்டுமே. இன்னொரு கலைஞரான ஹேமா சிரோனி ஊசியாலும் நூலாலும் வீட்டைத் தேடுகிறார்.

இந்தக் கலை மௌனமாகிவிட்டது, குற்றவாளியைச் சுட்டாமல் நழுவுகிறது என்ற குறையைத் தமிழ் வாசகர் சொல்லக்கூடும். குறையில் நியாயம் உண்டு. காட்சியறையின் அமைதிக்குள் எந்தக் கொடுமையும் கொஞ்சம் மெருகேறித்தான் விடுகிறது. ஆனால் தோம்புக்கு அது பொருந்தாது. வலிகாமம் வடக்கில் 1990இல் மக்களை எழுப்பிவிட்டுப் பிடித்த காணிகளில் ஒரு பகுதி இன்றும் இராணுவத்திடமே இருக்கிறது. அது திரும்பும்வரை நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படம் ஒவ்வொன்றையும் நிலுவையில் உள்ள உரிமைக் கோரிக்கையாகவே படிக்க வேண்டும்.