பட்டம் தந்த கை

2011இல் அக்கரைப்பற்று மாநகர சபையானபோது நானும் மகிழ்ந்தேன். அன்று உள்ளூராட்சி, மாகாண சபைகள் அமைச்சராக இருந்தவர் அவ்வூர் ஏ.எல்.எம். அதாவுல்லா. ஊருக்கு உயர்வு வந்தது. ஆனால் திருகோணமலையிலிருந்த மாகாண சபையால் அல்ல, கொழும்பினால்.

1987இன் 13ஆவது திருத்தம் உள்ளூராட்சியை மாகாணப் பட்டியலில் வைத்தது. மேற்பார்வையும் கலைக்கும் அதிகாரமும் மாகாணத்துக்கு. சபைகளின் அமைப்பையும் வடிவத்தையும் தீர்மானிப்பதோ நாட்டின் சட்டம்.

அந்த மேற்பார்வையும் மக்கள் பிரதிநிதிகளிடம் நிலைக்கவில்லை. 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிய, அது ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் போயிற்று. 2023 மார்ச்சில் உள்ளூர்ச் சபைகளும் முடிவுற, 2025 மே தேர்தல் வரை அதிகாரிகளே நடத்தினர்.

பட்டம் தந்த கையில்தான் கடிவாளமும் இருக்கும் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.