முழுக்குப் பெறாத விசுவாசம்

ஞானஸ்நானம் பெறாதவருக்கு இரட்சிப்பு உண்டா என்னும் வினா கிறிஸ்தவ சமயத்தில் மிகப் பழையது. மாமன்றங்களும் மறைநூல் வல்லாரும் நெடுங்காலம் ஆராய்ந்த வினா அது. ஏட்டளவில் நில்லாமல் வீட்டின் அடுப்பங்கரை வரையில் அவ்வினா வந்து நின்ற ஊர் ஒன்று தமிழகத்தில் உண்டு, அதுவே சிவகாசி. அச்சங்குளம், சாத்தூர், சிவகாசி எனப் பரந்து கிடக்கும் கரிசற் சீமையைப் பட்டாசுக்காகவே பலரும் அறிவர். அதன் சமய வரலாற்றை அறிந்தவர் சிலரே.

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் கல்லூரி ஆசிரியராக விளங்கிய தாமஸ் ராக்லண்டு என்பவர், 1854-ஆம் ஆண்டில் தோழர் சிலருடன் வட திருநெல்வேலியில் கூடாரம் அடித்து, ஊர் ஊராகச் சென்று சமயப் பணி செய்யத் தொடங்கினார். தென் திருநெல்வேலிச் சபைகள் தம் செலவிலேயே உபதேசிமாரை அவருக்குத் துணையாக அனுப்பின. 1858 அக்டோபர் 22-ஆம் நாள் அவர் சிவகாசியிலேயே உயிர் நீத்தார். அவர் கண்ட பலன் சிறிது. கேட்டவர் பலர், முழுக்குப் பெற்றவர் மிகச் சிலர்.

இதற்குக் காரணம் என்ன? தெற்கே நாடார் சமூகத்தார் ஊர் ஊராகவே கிறிஸ்தவம் தழுவினர். 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்பார் முயற்சியால் எழுந்த முதலூர், புதிதாகச் சேர்ந்தோருக்கு ஒரு புகலிடமாயிற்று. அங்கே ஞானஸ்நானம் பெற்றவனுக்குப் பெண் கொடுக்கவும், பந்தியில் உடனிருந்து உண்ணவும், பிணம் தூக்கவும் ஆள் இருந்தனர். சிவகாசியின் நிலை வேறு. இங்கே வாணிகமும் மணஉறவும் உறவின்முறையோடு பின்னிக் கிடந்தன. மகமைப் பணமும் அதன் வழியே பொதுக்காரியங்களுக்குச் சென்றது. மேலும், இந்துக்கள் என்னும் உரிமையிலேயே அவர்கள் கோயில் நுழைவு கேட்டுப் போராடினர். அப்பூசலின் கொடுமையால் 1899 ஜூன் 6-ஆம் நாள் பெருங்கூட்டம் ஒன்று சிவகாசியைத் தாக்கியது. அத்தகைய காலத்தில் ஒரு வீட்டு மருமகள் ஞானஸ்நானம் பெறுவது அவள் ஒருத்தியின் காரியமாக எப்படி இருக்க இயலும்?

ஆயினும் விசுவாசம் உள்ளே புகுந்தது. வேதாகமப் பெண்மணிகள் வீடு வீடாகச் சென்று படிப்பும் பாட்டும் வேதமும் சொல்லித் தந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், நாடார் குல மகளிர் சிலர் இந்துக் குடும்பத் தலைவியராக வாழ்ந்துகொண்டே மறைவில் கிறிஸ்துவை வழிபட்டு வந்தனர். இவர்களை 'இரகசியக் கிறிஸ்தவர்' எனக் குறித்து, எலைசா கென்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 2011-இல் விரிவான ஆய்வுரை ஒன்று வெளியிட்டார்.

இவர்களுக்கு இரட்சிப்பு உண்டா? நீரினாலும் ஆவியினாலும் பிறத்தல் வேண்டும் என்று யோவான் சுவிசேஷம் கூறும். மாற்கு சுவிசேஷமோ, விசுவாசித்து முழுக்குப் பெறுவோன் இரட்சிப்படைவான் என்று சொல்லிவிட்டு, ஆக்கினைக்கு உள்ளாகிறவனைக் கூறுமிடத்தில் விசுவாசமின்மையை மட்டுமே குறிக்கிறது. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு எவரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. 392-ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் இரண்டாம் வாலன்டீனியன், மிலான் நகரத்து ஆயர் அம்புரோசிடம் ஞானஸ்நானம் பெற விரும்பியிருந்தும், அது பெறுமுன் மாண்டான். அவனுடைய விருப்பமே போதுமென்று அம்புரோஸ் இரங்கலுரையில் கூறினார். பிற்காலத்துக் கத்தோலிக்கர் 'ஆசை ஞானஸ்நானம்' என்று சொல்லும் கொள்கைக்கு இது ஒரு பழஞ் சான்று. சிவகாசியில் பணி செய்த ஆங்கிலத் திருச்சபையின் வினாவிடை நூலும், ஞானஸ்நானம் பொதுவாக அவசியமானது என்கிறதேயன்றி, அஃதின்றி ஒருவருக்கும் கதியில்லை என்று அறுதியிடவில்லை.

சென்னையில் ஓ. கந்தசாமி செட்டியார் 1915-இல் தாம் கிறிஸ்துவை நம்பியும் சபையிற் சேராதது ஏன் என்று வெளிப்படையாக விளக்கினார். அவர் நிலையும் சிவகாசி மகளிர் நிலையும் ஒன்றல்ல என்பது என் கருத்து. அவர் வேண்டாமென்று நின்றவர். அதைச் சொல்ல அவருக்கு மேடை இருந்தது. இவர்களுட் பலர், கூடாமையால் நின்றவர் ஆவர். அம்புரோசின் வாதம் செட்டியாருக்கு எளிதில் பொருந்தாது, இவர்களுக்குப் பொருந்தும். மறைத்த விசுவாசம் விசுவாசமே அன்று, உற்றாரை இழந்து முழுக்குப் பெற்றவரின் தியாகத்தை அது சிறுமைப்படுத்தும் என்று சொல்லுவோரும் உளர். அவ்வாதம் வலியதே. ஆனால், கணவனையும் மக்களையும் ஒருங்கே இழக்கும் விலையை ஒரு பெண்ணிடம் கேட்பவர், அவளுக்கு மாற்றாகப் புகலிடம் ஒன்று காட்டக் கடமைப்பட்டவர் அல்லரோ? தெற்கே முதலூர் இருந்தது. சிவகாசியில் அவளுக்கு அப்படியோர் ஊர் இல்லை.

இரட்சிப்பைப் பற்றி இத்துணை நெகிழ்வு காட்டிய சபை, சடங்கு முறையில் அவ்வளவு நெகிழவில்லை. ஞானஸ்நானம் பெறாதவருக்கு நற்கருணைப் பந்தியில் இடமில்லை. ஞானஸ்நானமின்றி இறந்தவருக்கு அடக்க ஆராதனை வாசிக்கலாகாது என்று 1662-ஆம் ஆண்டின் ஆங்கில ஜெபநூல் விதித்தது. ஆகவே, ஆண்டுக்கணக்கில் மறைவில் ஜெபித்து வந்த அம்மையார் கண் மூடினால், அவருடைய ஜெபத்தை அறிந்த வேதாகமப் பெண்மணிக்கு அங்கே செய்வதற்கு ஒரு சடங்கும் இல்லை; கொள்ளிக்குடம் எடுக்க மகன் முன்வருவான்.