பேர்லின் யுத்தகலாசாலையில் ஓர் அமெரிக்க மாணாக்கர்



1944ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லி மாநகரை விட்டு நமது கண்டிக்கு வந்து சேர்ந்தது. பேராதனைப் பூந்தோட்டத்தின் மரநிழல்களிலே அலுவலகங்கள் எழுந்தன. யப்பானியர் வசப்பட்டிருந்த பர்மாவையும் மலாயாவையும் மீட்பதற்கான யோசனைகள் அங்கே ஆராயப்பட்டன. அத்தலைமையகத்தின் அதிபதியாக விளங்கியவர் மவுண்ட்பேட்டன் பிரபு என்பதை யாவரும் அறிவர். அவருக்குத் துணைநின்ற உதவிப் படைப்பீடத் தலைவரை அறிந்தவர் சிலரே. அவர் ஓர் அமெரிக்கர், அல்பேர்ட் வெடமையர் என்பது பெயர், நெடிதுயர்ந்த தோற்றத்தினர். நேச நாடுகளின் மேலதிகாரிகள் பலருக்கும் இல்லாத ஒரு விசேடம் இவருக்கு உண்டு. எந்த ஜேர்மன் சேனையை எதிர்த்து அன்று உலகின் பெரும்பகுதி போராடிக்கொண்டிருந்ததோ, அந்தச் சேனையின் தலைமைக் கல்விக்கூடத்திலே, ஹிட்லரின் ஆட்சி நடந்த காலத்திலேயே, இரண்டு ஆண்டுகள் அமர்ந்து பாடங்கேட்டவர் இவர்.

அக்கல்விக்கூடத்தின் கதை ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகின்றது. 1806ஆம் ஆண்டில் ஜேனாப் போர்க்களத்திலே நெப்போலியன் பிரஷ்ய சேனையைச் சிதறடித்தான். மகா பிரெடெரிக் மன்னன் கட்டி வளர்த்த சேனை ஒரே நாளில் குலைந்தது. குலப்பெருமை ஒன்றையே தகுதியாகக் கொண்டு பதவி பெற்ற அதிகாரிகளால் நாட்டைக் காக்க முடியாது என்பதைக் கண்டவர் ஷார்ண்ஹோர்ஸ்ட் என்னும் தளபதி. அவரே குடியானவர் வழியில் வந்தவர். அவருடைய முயற்சியால் 1810ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் பேர்லினில் அதிகாரிகளுக்கான போர்க்கல்லூரி திறக்கப்பட்டது. பேர்லின் பல்கலைக்கழகமும் அதே மாதத்தில்தான் வகுப்புகளைத் தொடங்கியது. போர் குறித்துப் பெருநூல் எழுதிய கிளௌசெவிற்ஸ் 1818ஆம் ஆண்டு முதல் 1830ஆம் ஆண்டு வரை இக்கல்லூரியின் அதிபராக இருந்தார். பாடஞ் சொல்லும் பொறுப்பு அவருக்கு இருக்கவில்லை. நிர்வாகத்தோடு அவர் கடமை முடிந்தது. ஓய்ந்த நேரத்தில் எழுதிய நூலோ அவர் இறந்தபின்னரே வெளிவந்தது. 1859ஆம் ஆண்டில் அக்கல்லூரி யுத்தகலாசாலை எனப் பெயர் பெற்றது. முதல் உலகப் போரின் பின் ஏற்பட்ட வேர்சேய் உடன்படிக்கை ஜேர்மனியின் தலைமைப் படைப்பீடத்தைக் கலைத்தது; இத்தகைய கலாசாலைகளையும் மூடுவித்தது. ஆயினும் கல்வி நிற்கவில்லை. வேறு பெயர்களால், பரவலாக, மறைவாக அது நடந்துகொண்டே இருந்தது. 1935ஆம் ஆண்டில், கலாசாலை தோன்றிய 125ஆவது ஆண்டு நிறைவு நாளிலே, ஹிட்லரின் முன்னிலையில் அது மீண்டும் வெளிப்படையாகத் திறக்கப்பட்டது.

அந்நாளில் படைப்பீடத் தலைவராகிய லுட்விக் பெக் ஆற்றிய உரை குறிப்பிடத்தக்கது. திடீரென உதிக்கும் எண்ணங்களைப் பின்பற்றுதல் ஆபத்தானது. எந்தக் கருமத்தையும் அடிமுதல் முடிவரை ஒழுங்காகச் சிந்திக்கப் பழகவேண்டும் என்பதே அவ்வுரையின் கருத்து. திடீரென உதிக்கும் எண்ணங்களுக்கே பேர்போன ஒருவரை முன்னே இருத்திக்கொண்டு இதனைச் சொன்னார் என்பதை நினைக்கும்போது, கேட்டிருந்தவர் எத்தனை பேருக்கு அது உறைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகின்றது.

இனி நமது மாணாக்கரிடம் வருவோம். அமெரிக்காவும் ஜேர்மனியும் ஒன்றன் கல்லூரிகளுக்கு மற்றையதன் அதிகாரிகளை அனுப்புவதென ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. அதன்படி 1936ஆம் ஆண்டில் கப்டன் வெடமையர் பேர்லினுக்கு அனுப்பப்பட்டார். முன்னும் பின்னும் வேறு சில அமெரிக்க அதிகாரிகளும் அங்கே சென்று படித்தனர். வெடமையரோ அவ்வாண்டிலேதான் தம் நாட்டு லெவன்வேர்த் கோட்டையிலுள்ள படைக்கல்லூரியில் ஈராண்டுப் படிப்பை முடித்திருந்தார். ஆகையால் இரு நாட்டுக் கல்வி முறைகளையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இயல்பாகவே வாய்த்தது.

அவர் கண்ட வேற்றுமை யாது? லெவன்வேர்த்தில் ஒரு போர்க்கணக்குக் கொடுக்கப்பட்டால் அதற்குக் கல்லூரி அங்கீகரித்த விடை ஒன்று இருந்தது. மாணாக்கனின் விடை அதனோடு எவ்வளவு ஒத்திருக்கின்றதோ அவ்வளவு புள்ளிகள். பேர்லினில் அவ்வாறில்லை. ஓர் உதாரணத்தை நாமே கற்பனை செய்து பார்க்கலாம். மேசைமீது தேசப்படம் விரிக்கப்பட்டிருக்கின்றது. ஆற்றுக்கு இக்கரையில் உமது டிவிஷன் நிற்கின்றது. அக்கரையில் பகைவர் எத்தனை பேர் என்பது தெரியாது. பாலம் இருக்கின்றதா, தகர்ந்ததா என்பதும் தெரியாது. மேலிடத்துக் கட்டளை வந்து பல மணி நேரமாகிவிட்டது. இப்பொழுது யாது செய்வீர் என்று ஆசிரியர் வினவுகிறார். மாணாக்கர் எழுந்து தமது முடிவையும் அதற்கான காரணத்தையும் சுருங்கச் சொல்லவேண்டும். சொல்லி முடித்தவுடன், பாலம் தகர்ந்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கின்றது என்று ஆசிரியர் நிலைமையை மாற்றிவிடுவார். முன்னைய முடிவைக் கட்டிக்கொண்டு அழுபவருக்கும் மதிப்பில்லை. முடிவே செய்யாது தயங்குபவருக்கோ இன்னும் மதிப்பில்லை. இதுவே சரியான விடை என்று ஒன்றை ஆசிரியர் இறுதியில் எழுதிப் போடுவதுமில்லை. மேலதிகாரி ‘எதனை அடையவேண்டும்’ என்பதை மட்டும் சொல்லுவார். ‘எவ்வாறு அடைவது’ என்பதைக் களத்தில் நிற்பவரே தீர்மானிக்க வேண்டும் என்பது பிரஷ்ய மரபு. அம்மரபுக்கு ஏற்ற மனப்பயிற்சியே அங்கு நடந்தது. பயிற்றுவித்தவர்களும் படைகளிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்ட வல்லவர்கள். வெடமையரின் ஆசிரியர்களுள் ஒருவர், பின்னாளில் ஹிட்லரின் அருகிருந்து போர் நடத்திய அல்பிரெட் யோடலின் தம்பியாகிய பேர்டினண்ட் யோடல்.

இத்துணைச் சிறந்த கல்வியிலே பெரியதொரு வெற்றிடமும் இருந்தது. படையை நகர்த்தும் வித்தைக்கு அங்கே முதலிடம். படைக்குச் சோறும் எண்ணெயும் குண்டும் எங்கிருந்து வரும், எத்தனை தொழிற்சாலைகள் வேண்டும், கடல்கடந்து கொண்டுசெல்லக் கப்பல்கள் எத்தனை என்னும் வினாக்கள் பின்வரிசையில் இருந்தன. ஐந்து ஆண்டுகளின் பின் இரஷ்யச் சமவெளியிலே அந்த வெற்றிடத்துக்குக் கொடுத்த விலையை உலகம் கண்டது. களத்திலே மிக நுட்பமாக வெல்லத் தெரிந்தவர்கள், போரை வெல்லுதற்கு வேண்டிய கணக்கைப் போடத் தவறினர்.

1938ஆம் ஆண்டில் நாடு திரும்பும் வேளையில், தாம் கற்றவற்றையும் கண்டவற்றையும் நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையாக வெடமையர் எழுதிச் சமர்ப்பித்தார். இத்தகைய அறிக்கைகளின் கதியை நாம் அறிவோம். இலக்கமிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். இதனையோ ஒருவர் எடுத்து ஊன்றிப் படித்தார். அவர் அப்பொழுது வாஷிங்டனில் யுத்தத் திட்டப் பகுதிக்குத் தலைவராக வந்திருந்த ஜோர்ஜ் மார்ஷல். எழுதியவரை அழைத்து உரையாடினார். பெயரை நினைவிலும் வைத்துக்கொண்டார். மார்ஷல் சேனையின் தலைவரான பின்னர், 1941ஆம் ஆண்டில், வெடமையர் அந்த யுத்தத் திட்டப் பகுதியிலே பணிபுரிய வந்தார்.

அவ்வாண்டு யூலை மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் ஒரு வினாவை எழுப்பினார். நம்முடைய எதிரிகளை வெல்வதாயின் எவ்வளவு ஆளும் பொருளும் வேண்டும் என்பதே அவ்வினா. சேனையின் பங்கைக் கணக்கிடும் வேலை வெடமையரிடம் வந்தது. செப்டெம்பர் மாதத்திலே விடை ஆயத்தமாயிற்று. 215 டிவிஷன்கள், மொத்தம் 87,95,658 பேர், 1943ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் ஆயத்தம். போரின் முடிவில் அமெரிக்கச் சேனை ஏறக்குறைய 83 இலட்சம் பேரைக் கொண்டிருந்தது என்பதைப் பார்க்கும்போது ஆட்கணக்கு வியக்கத்தக்க அளவிற் பொருந்தியது. டிவிஷன் கணக்கோ பொருந்தவில்லை. உண்மையில் எழுந்தவை 90 அளவிலேதான். எஞ்சிய மனிதர் விமானப்படையிலும், பொருள் கொண்டுசெல்லும் பணிகளிலும், தொலைநாட்டுப் பண்டகசாலைகளிலும் சேர்ந்தனர். பேர்லின் வகுப்பறை அதிகம் பேசாத விஷயமே பெரும்பங்கை விழுங்கிற்று! இத்திட்டத்தில் தம் பங்கை வெடமையர் பிற்காலத்தில் மிகைபடக் கூறினார் என்று அண்மைக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் வாதித்திருப்பதும் இங்கே சொல்லற்பாலது. அவ்வாதத்தில் நியாயம் உண்டு. பலர் கூடிச் செய்த கருமத்தை ஒருவர் தலையில் ஏற்றிச் சொல்வது நினைவுநூல்களுக்கு இயல்பு.

இனித்தான் துன்பம் வந்தது. 1941 டிசெம்பர் 4ஆம் நாள், பேர்ள் துறைமுகம் தாக்கப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர், இவ்வந்தரங்கத் திட்டம் ‘சிக்காகோ றிபியூன்’ பத்திரிகையிலே பெருந்தலைப்போடு வெளிவந்தது. யார் கொடுத்தார்? சந்தேகம் முதலில் வெடமையர் மேல் விழுந்தது. பெயரோ ஜேர்மன் பெயர், படித்ததோ பேர்லினில், மாமனாராகிய தளபதி எம்பிக், அமெரிக்கா போரில் இறங்குதலை விரும்பாதவர். வெடமையரின் பெட்டகத்திலிருந்த பிரதியிலே, பத்திரிகையில் வந்த பகுதிகளே அடிக்கோடிடப்பட்டுக் காணப்பட்டன. துப்பறியும் இலாகாவினர் வந்து அவரையும் அயலவரையும் விசாரித்தனர். விசாரணையின் முடிவில் அவர்மீது குற்றமில்லையெனக் கண்டனர். மார்ஷலும் அவரைக் கைவிடவில்லை. விமானப்படை அதிகாரி ஒருவர் மூலம் தமக்குக் கிடைத்த பிரதியைத் தாமே பத்திரிகையாளருக்குக் கொடுத்ததாக, செனற்றர் வீலர் 1962ஆம் ஆண்டில் எழுதினார். அந்த அதிகாரி யார் என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

இவ்விடத்திலே மகாபாரதத்துக் கசனின் கதை நினைவுக்கு வருகின்றது. மாண்டவரை எழுப்பும் மந்திரத்தைக் கற்பதற்காகத் தேவர்கள் தம் குருவின் மகனாகிய கசனை அசுரகுருவாகிய சுக்கிராசாரியாரிடமே மாணாக்கனாக அனுப்பினார்கள். சுக்கிரர் இன்னார் மகன் என்று அறிந்தே ஏற்றுக்கொண்டார். ஐயுற்று அவனைக் கொன்றவர்கள் அசுரர்கள்; மீண்டுவந்தபோது தேவர்களோ மகிழ்ந்து வரவேற்றார்கள். வெடமையருக்கு நேர்ந்தது இதற்கு மாறு. கற்ற இடத்தில் அவருக்கு உபசாரமே கிடைத்தது. ஐயம் கிளம்பியது அவரை அனுப்பிவைத்த சொந்த நாட்டிலே.

அவரோடு பேர்லினிலே படித்தவர்களின் கதி என்ன? அவ்வகுப்பில் அவருக்கு நண்பராயிருந்தவர் குதிரைப்படை அதிகாரியாகிய கிளவுஸ் வொன் ஸ்டௌஃபென்பேர்க். 1943ஆம் ஆண்டில் துனீசியப் போர்க்களத்திலே ஒரு கண்ணையும் வலக்கையையும் இடக்கையில் இரு விரல்களையும் இழந்தவர் அவர். அடுத்த ஆண்டு யூலை 20ஆம் நாள், எஞ்சிய மூன்று விரல்களால் வெடிகுண்டை முடுக்கி, ஹிட்லரின் ஆலோசனை மண்டபத்திலே வைத்தார். குண்டு வெடித்தது, ஹிட்லர் பிழைத்தான். அன்றிரவே, நள்ளிரவு கடந்த வேளையில், பேர்லினில் படையலுவலக முற்றத்திலே ஸ்டௌஃபென்பேர்க் சுடப்பட்டார். கலாசாலைத் திறப்புவிழாவிலே உரையாற்றிய பெக்கும் அச்சதியில் ஈடுபட்டு அந்த இரவிலேயே மாண்டார். ஒழுங்காகச் சிந்திக்கக் கற்பித்த அக்கலாசாலை இவர்களையும் உருவாக்கிற்று. இறுதிவரை கட்டளைக்குப் பணிந்து கிடந்தவர்களையும் உருவாக்கிற்று. பின்னவரே மிகப் பலர்.

அந்த யூலை மாதத்தில் வெடமையர் கண்டித் தலைமையகத்தின் பதவியில் இருந்தார். ஒக்டோபர் மாதத்தில் ஸ்ரில்வெல் தளபதிக்குப் பதிலாகச் சீனாவுக்கு நியமனம் பெற்று இலங்கையை விட்டு நீங்கினார். 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவுநூலிலே பேர்லின் நாட்களை விரிவாக எழுதினார். 1989ஆம் ஆண்டில் காலமானார்.

யுத்தகலாசாலை போரோடு மறைந்தது. பின்னர் மேற்கு ஜேர்மனி புதிய சேனை ஒன்றை அமைத்தபோது, அதிகாரி ஒருவன் போர்த்தொழிலைத் தவிர வேறு யாது அறிந்திருத்தல் வேண்டும் என்ற வினா எழுந்தது. அதற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் பாதுகாப்பு மந்திரியாயிருந்த ஹெல்மூட் ஷிமிட். இவர் போர்க்காலத்தில் இளநிலை அதிகாரி. யூலை 20 சதியிற் சம்பந்தப்பட்டோரை மக்கள் நீதிமன்றம் இழிவுபடுத்தி விசாரித்ததைப் பார்வையாளராக இருந்து காணுமாறு பணிக்கப்பட்டு, கண்டு அருவருத்தவர். அவர் முயற்சியால் 1973ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஹம்பேர்க்கிலும் மியூனிக்கிலும் சேனைக்குரிய இரு உயர்கல்லூரிகள் திறக்கப்பட்டன. பின்னர் அவை பல்கலைக்கழகங்களெனப் பெயர் பெற்றன. ஹம்பேர்க்கில் உள்ளது 2003ஆம் ஆண்டு முதல் ஷிமிட்டின் பெயரையே தாங்குகின்றது.

பிரான்சு முதலிய நாடுகளிலிருந்து பரிமாற்ற முறையில் அங்கே படிக்கச் செல்லும் இளம் அதிகாரிகள் முதலிற் சற்றுத் திகைப்பது இயல்பே. விரிவுரையாளர்கள் குடிமக்களாகிய பேராசிரியர்கள். மாணாக்கர்கள் பெரும்பாலும் சாதாரண உடையிலேயே வகுப்புக்கு வருகின்றனர். பாடங்கள் பொறியியல், பொருளாதாரம், கல்வியியல், வரலாறு என்பன; பொறியியல் படிப்பவரும் சமூகவியற் பாடங்கள் சிலவற்றைக் கட்டாயம் படிக்கவேண்டும். வெடமையர் இரண்டு ஆண்டுகள் குனிந்திருந்து நோக்கிய அந்தத் தேசப்படங்களை அங்கே தேடிப் பயனில்லை. படை நடத்தும் வித்தை கற்க விரும்புபவர் திரெஸ்டன் நகரத்து அதிகாரிகள் பள்ளி போன்ற வேறு இடங்களுக்குத்தான் செல்லவேண்டும்.