துருவே காவல்

நம் சிவகாசியின் வறண்ட காற்று பட்டாசுத் தொழிலுக்குத் துணைநின்றது. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கருமருந்துக்கு ஈரம் ஆகாது. முற்கால வேட்டைத் துப்பாக்கிகளில் இட்டதும் இக்கருமருந்தே. வெடித்தபின் குழலில் தங்கும் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். மேற்கே திருவில்லிபுத்தூர் மலைச்சாரலின் ஈரக்காற்றில் அவ்வரிப்பு இன்னும் விரையும்.

இதற்கு ஐரோப்பியத் துப்பாக்கிக் கொல்லர் கண்ட மருந்து விந்தையானது. குழலில் தாமே மெல்லத் துருவேற்றித் தேய்த்தனர். பன்முறை அவ்வாறு செய்து எண்ணெய் பூச, பழுப்புப் படலம் நிலைத்தது. துருவேறிய குழலைக் கொதிநீரில் இட்டால் செந்துரு கருந்துருவாகும். உருக்கிய வெடியுப்பில் தோய்த்தால் எஃகு மயில்நீலம் பெறும். ஆயினும் அம்மென்படலம் திருகு போன்ற சிற்றுறுப்புகளுக்கே ஏற்றது. பழுப்பும் கருமையும் ஒளியைத் தெறிக்காமையால் விலங்கும் மிரளாது. வேட்டைக்குழலுக்கு அவையே பொருந்தின.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கிற்று. அம்மலைக்காடு 1988இல் சாம்பல்நிற அணில்கள் சரணாலயமாகி, 2021இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. எஞ்சிய பழங்குழல்களின் பழுப்பை அழுக்கென்று எண்ணிச் சுரண்டிப் பளபளப்பாக்குவோர் உளர். உதிரும் துருவை நீக்கலாம். ஒட்டிய பழுப்பை நீக்கினாலோ, வினைஞனின் கைவேலையையும் வரலாற்றுச் சான்றையும் ஒருங்கே இழக்கிறோம்.